உரிந்த சில்லைத் திருப்பிப் பாருங்கள்: கதவு, கிரில், கேட் பெயிண்ட் கோளாறுகள்

கதவிலோ கேட்டிலோ பெயிண்ட் உரிய ஆரம்பித்தால் நாம் செய்யும் முதல் வேலை கடைக்குப் போவதுதான். விலை கூடிய டப்பாவாகப் பார்த்து வாங்கி, உரிந்த இடத்தை நாலு தேய்ப்புத் தேய்த்து, மேலேயே அடித்துவிடுகிறோம். அடுத்த மழைக்குப் பழைய பெயிண்டோடு புதியதும் சேர்ந்து கழன்று வருகிறது. எங்கள் வீட்டுக் கதவுகளையும் சொந்தக்காரர் வீட்டுக் கேட்டுகளையும் பல வருடங்களாக நானே சுரண்டி அடித்து வருகிறேன். அதில் நான் கண்டது இதுதான்: பெயிண்ட் கெட்டுப்போனதால் உரிவது அபூர்வம். கோளாறு பெரும்பாலும் அதற்கு அடியில் இருக்கிறது. அதனால் டப்பா வாங்கும் முன் உரிந்த சில்லு ஒன்றைக் கையில் எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்.

பின்பக்கத்தில் மர நார் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், மரம் ஈரமாக இருந்தபோது அடித்திருக்கிறார்கள், அல்லது வெயிலில் சாம்பல் நிறமாக வெளுத்து நைந்த மரத்தின் மேலேயே அடித்திருக்கிறார்கள். வழவழவென்று சுத்தமாக இருந்து, கதவில் பழைய பெயிண்ட் அப்படியே பளபளத்தால், பழைய பூச்சைத் தேய்க்காமல் அடித்திருக்கிறார்கள். விரலில் மாவு போல ஒட்டினால் தூசியின் மேலோ, வெயிலில் பொடிந்துபோன பழைய பெயிண்டின் மேலோ அடித்தது. இரும்பில் செந்நிறத் துரு தெரிந்தால் துருவை மூடி அடித்தது. கருநீலச் செதில் தெரிந்தால் அது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

மரக் கதவு: அடிப்பக்கம் உரிகிறது, கொப்புளம் வருகிறது

கொப்புளம் ஒன்றை பிளேடால் கீறித் திறந்து பாருங்கள். உள்ளே வெறும் மரம் தெரிந்தால் ஈரம்தான் காரணம். வெயில் பட்டதும் மரத்துக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்க்கிறது. எண்ணெய் எனாமல் அதை விடாது. எனவே பெயிண்டையே தள்ளிக்கொண்டு எழும்புகிறது. உள்ளே மரம் தெரியாமல் இன்னொரு பூச்சு தெரிந்தால், கொளுத்தும் வெயிலில் அடித்திருக்கிறார்கள், அல்லது அடித்து முடித்த உடனே வெயில் விழுந்திருக்கிறது. மேல் தோல் முந்திக் காய்ந்து, அடியில் சிக்கிய தின்னர் ஆவியாகிக் கொப்புளித்திருக்கிறது. இரண்டாவது வகைக்குக் கொப்புளத்தை மட்டும் சுரண்டி, தேய்த்து, நிழல் விழும் நேரத்தில் மறுபடி அடித்தால் போதும். முதல் வகைதான் திரும்பத் திரும்ப வந்து படுத்தும்.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? கதவை மேலும் கீழும் பாருங்கள். முகப்பில் மூன்று கோட் அடித்திருப்பார்கள், அடிவிளிம்பில் ஒரு துளிகூட இருக்காது. கதவை மாட்டிய பிறகு அடிவிளிம்புக்கு பிரஷ் போகாது, யார் கண்ணுக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் சட்டத்தின் வெட்டுமுனை அங்கேதான் கீழே பார்த்து நிற்கிறது. மரத்தின் நாளங்கள் எல்லாம் அங்கே வாய் திறந்திருக்கும். பலகையின் முகம் குடிக்கும் தண்ணீரைவிட வெட்டுமுனை பல மடங்கு குடிக்கும். குளியலறைக் கதவு அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு உரிவதும், வாசல் கதவு தினமும் தண்ணீர் தெளிக்கும் பக்கம் உரிவதும் இதனால்தான்.

செய்ய வேண்டியது: கீலைக் கழற்றிக் கதவை இறக்குங்கள். இரண்டு பேர் வேண்டும், தேக்குக் கதவு கனம். உரிந்த இடத்தைச் சுரண்டியால் எடுத்து, நல்ல பூச்சு தொடங்கும் ஓரத்தை 80, அப்புறம் 120 நம்பர் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து இறக்குங்கள். விரல் ஓட்டினால் படி தட்டக் கூடாது. கதவை நிழலில், காற்றோட்டமாகச் சாய்த்து வையுங்கள். எத்தனை நாள் என்பது மரத்தைப் பொறுத்தது. ஈரமானி கிடைத்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பொறுங்கள். காய்ந்ததும் அடிவிளிம்பு, மேல்விளிம்பு இரண்டுக்கும் முதலில் பிரைமர் (எனாமலுக்கு முன் கொடுக்கும் அடிப்பூச்சு) கொடுங்கள். முதல் கோட்டை மரம் அப்படியே குடித்துவிடும், குடிக்கட்டும். அங்கே மட்டும் இரண்டு கோட் பிரைமர், இரண்டு கோட் எனாமல். பிறகுதான் முகப்பு. பட்டி பார்ப்பதாக இருந்தால் பிரைமருக்கு மேல் பாருங்கள். வெறும் மரத்தில் பட்டி பூசினால் அதிலுள்ள எண்ணெயை மரம் உறிஞ்சிவிடும், பட்டி பொருபொருவென்று உதிரும்.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பொங்கலுக்கு முன்னால்தான் எல்லோரும் பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறோம். ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டிய மழையை மரம் அப்போதும் உள்ளே வைத்திருக்கும். மேலே மார்கழிப் பனி வேறு. வீட்டுக்கு வெளியே இருக்கும் மரத்துக்கு வருடத்திலேயே சிரமமான மாதம் அது. சுவருக்குப் பொங்கலுக்கு முன்னால் அடியுங்கள். வாசல் கதவையும் ஜன்னலையும் மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போட முடிந்தால் போடுங்கள். முடியாது என்றால் காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி மாலை நாலு மணிக்குள் முடியுங்கள். பனி இறங்கும்போது மேல்தோலாவது காய்ந்திருக்க வேண்டும்.

புது கேட், ஆறே மாதத்தில் துரு

இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். ஒரு குடும்பம் காசு சேர்த்து கேட் செய்து மாட்டுகிறது, அடுத்த ஐப்பசிக்குள் வெல்டிங் இணைப்பு ஒவ்வொன்றிலும் சிவப்புக் கண்ணீர் வழிகிறது. கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம்.

பட்டறையில் நடப்பதைப் பாருங்கள். வெல்டிங் முடிந்ததும் மேலே சிதறிய மணிகளும் கசடும் அப்படியே இருக்க, எண்ணெய்க் கையோடு, தூசியின் மேல், ஒரே ஒரு மெல்லிய கோட் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து வெளியே சாய்த்து வைக்கிறார்கள். வீட்டுக்காரர் அதை மாட்டி, கிரகப்பிரவேசம் வரட்டும் என்று மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் விடுகிறார். பிரைமர் நுண்துளை உள்ளது. தனியாக நின்று மழையைத் தாங்க அதனால் முடியாது, மேலே எனாமல் வேண்டும். அடியில் துரு பிடித்த பிறகு எத்தனை விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தும் பயனில்லை. புது கேட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, "பிரைமர் வேண்டாம், வெறும் இரும்பாகக் கொடுங்கள், நான் அடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். வந்த அன்றே சுத்தம் செய்து பிரைமர் கொடுத்துவிடலாம்.

ஏற்கெனவே துரு பிடித்த கேட்டில் எங்கெங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

கூரான விளிம்புகளில் மட்டும் என்றால்: ஈரப் பெயிண்ட் விளிம்பிலிருந்து இரு பக்கமும் பின்வாங்கும், விளிம்பில் பூச்சு மெலிந்துபோகும். விளிம்பை அரத்தால் சற்றே மழுக்கி, முழு கோட் அடிக்கும் முன் விளிம்புக்கும் வெல்டிங் இணைப்புக்கும் மட்டும் சின்ன பிரஷால் ஒரு கோட் தனியாகக் கொடுங்கள். அரை மணி நேர வேலை, பல வருடம் காப்பாற்றும்.

சதுரக் குழாயின் அடியில், உள்ளிருந்து ஊறி வருவது போல என்றால்: மழைத்தண்ணீர் குழாய்க்குள் தேங்கி நிற்கிறது. வெளியே அடித்துப் பயனில்லை. கீழ்ப்பக்கம் சிறு துளை போட்டுத் தண்ணீர் வடிய விடுங்கள், மேலே திறந்திருக்கும் முனையை மூடுங்கள். ஜன்னல் கிரில் கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தில் துரு என்றால், சிமெண்ட் விரிசல் வழியே தண்ணீர் இறங்குகிறது. அதை அடைக்காமல் கம்பிக்கு மட்டும் பெயிண்ட் அடிக்காதீர்கள்.

பெரிய செதிலாக, அடியில் கருநீலத் தோலோடு கழன்றால்: புது இரும்பைச் சூட்டில் உருட்டித் தயாரிக்கும்போதே அதன் மேல் படியும் தோல் அது. பார்க்க வழுவழுப்பாக, நல்ல இரும்பு போலவே இருக்கும். ஆனால் நாளடைவில் விரிசல் விட்டு, மேலே இருக்கும் பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு விழும். கம்பி பிரஷ் அதை அசைக்காது. கிரைண்டரில் தேய்ப்புச் சக்கரம் மாட்டி எடுக்க வேண்டும், கண்ணாடி கட்டாயம்.

துரு எடுக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். முதலில் சோப்புத்தண்ணீரில் கழுவுங்கள். கடலோரம் என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுவது முக்கியம். உப்பு அடியில் தங்கிவிட்டால் அது ஈரத்தை இழுத்து, பெயிண்டுக்கு அடியிலேயே துருவை வளர்க்கும். காய்ந்ததும் தளர்ந்த துருவைச் சுரண்டி, கம்பி பிரஷால் தேய்த்து, 80 நம்பர் தாளால் இரும்பு மின்னும்வரை போங்கள். குழிக்குள் எட்டாத துருவுக்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலமுள்ள துருநீக்கி தடவலாம். டப்பாவில் சொல்லியபடி மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர். சுத்தமான இரும்பை ஒரு ராத்திரி விட்டால் காலையில் மறுபடி செம்மை பூத்திருக்கும். பிரைமரில் சிங்க் பாஸ்பேட் உள்ளது கிடைத்தால் அதை எடுங்கள். சிங்க் குரோமேட் உள்ள பிரைமர் துருவை நன்றாகத் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வகை. தேய்க்கும்போது அந்தத் தூசி மூச்சில் போகும். குழந்தைகள் கையால் பிடித்து ஆடும் கேட்டுக்கு அது வேண்டாம்.

காலையில் இரும்பு காற்றைவிடக் குளிர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத பனி அதன் மேல் படிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் ஈரத்துணியால் ஓரிடத்தை லேசாகத் துடையுங்கள். கால் மணி நேரத்துக்குள் அந்த ஈரம் தானாகக் காய்ந்தால் அடிக்கலாம். காயவில்லை என்றால் வெயில் ஏறட்டும்.

ஜி.ஐ. தகட்டில் பெயிண்ட் தோலாகக் கழன்று வருகிறது

பூப்பூவாக வடிவம் தெரியும் துத்தநாகம் பூசிய தகட்டில் எண்ணெய் எனாமலை நேராக அடித்தால் முதல் சில மாதம் அருமையாக இருக்கும். பிறகு வாழைப்பழத்தோல் உரிவது போல முழுத் தோலாக வரும். எனாமலில் உள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து அடியில் சோப்பாக மாறுகிறது. ஆமாம், சோப்புதான். சில்லின் பின்பக்கம் பிசுக்காகக்கூட இருக்கும். சோப்பின் மேல் எது நிற்கும்?

இதற்கு மேலே இன்னொரு கோட் அடித்து ஒட்ட வைக்கும் வழியே கிடையாது. முழுவதும் உரித்தெடுங்கள். சோப்புத்தூள் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, 180 நம்பர் தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்த்து (துத்தநாகத்தையே தேய்த்து எடுத்துவிடக் கூடாது), ஜி.ஐ.க்கென்று விற்கும் எட்ச் பிரைமர் அல்லது எபாக்சி பிரைமர் கொடுத்து, அதன் மேல் எனாமல். சாதாரண ரெட் ஆக்சைடும் எண்ணெய் சார்ந்ததுதான், அது இங்கே ஆகாது.

எத்தனை நாளானாலும் பிசுபிசுக்கிறது

எனாமல் துணி காய்வது போலக் காய்வதில்லை. தின்னர் ஆவியான பிறகு, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் அது இறுகுகிறது. மேலே கனமாக அப்பினால் பால் ஆடை போல மேல் மட்டும் கட்டி, அடிக்குக் காற்றுப் போகாமல் பச்சையாகவே கிடக்கும். கதவை மூடிய அறைக்குள் வைத்தாலும் இதே கதி.

எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணம் சகஜம்: டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் கலப்பது. விலை குறைவு, பிரஷும் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் மண்ணெண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும், பிசுக்கையும் விட்டுப்போகும். எங்கள் வீட்டுப் பூஜை அறைக் கதவு அப்படித்தான் வாரக்கணக்கில் கையில் ஒட்டியது. கடைசியில் சுரண்டி, டர்பன்டைனால் துடைத்து, ஆரம்பத்திலிருந்து அடிக்க வேண்டியதாயிற்று. பெயிண்ட் கலக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், டர்பன்டைனை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

புதுத் தேக்கில் மட்டும் பிசுபிசுத்தால் மரத்தின் சொந்த எண்ணெய் காயவிடாமல் தடுக்கிறது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்த உடனே பிரைமர் அடிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் எண்ணெய் மறுபடி மேலே வரும். கனமாக அடித்ததுதான் காரணம் என்றால் கதவைத் திறந்து போட்டு இரண்டு வாரம் பொறுங்கள். அப்போதும் நகம் பதிந்தால் சுரண்டுவதைத் தவிர வழியில்லை. கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பிய்ந்து வருகிறது என்றால், பெயிண்ட் முழுதாக இறுகும்வரை ஒட்டும் விளிம்பில் முகப்பவுடர் தடவி வைக்கலாம்.

அடித்த உடனே சுருங்குகிறது

முதல் கோட் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது இரண்டாவது கோட் அடித்தால் சுருக்கம் விழும். ஒரு ராத்திரி முழுக்க விட்டு அடியுங்கள். ஸ்ப்ரேயில் அடிக்கும்போது பழைய பூச்சு மூளை மாதிரி நெளிந்து எழும்பினால் அது வேறு: எனாமலின் மேல் என்.சி. பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள். என்.சி. தின்னர் எனாமலைத் தின்றுவிடும். முன்கூட்டியே தெரிந்துகொள்ள, ஒரு மூலையில் என்.சி. தின்னர் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். பழைய பூச்சு சுருங்கி எழும்பினால் எனாமல். கரைந்து பஞ்சில் வந்தால் என்.சி. எதுவும் ஆகாவிட்டால் ஹார்ட்னர் கலந்து அடித்த பியு (பாலியூரித்தேன்) வகை. எனாமலின் மேல் எனாமல் அடிப்பதுதான் நிம்மதி.

பாளம் பாளமாக வெடிப்பு

பழைய வீட்டு ஜன்னல்களில் முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கோட் மேல் கோட் ஏறி, பூச்சு தடித்து விறைத்துவிட்டது. மரம் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிறது, விறைத்த பூச்சால் கூடவே அசைய முடியவில்லை. இதற்கு முழுவதும் எடுப்பது ஒன்றே வழி.

எடுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன சுரண்டல், தேய்ப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வீட்டு உபயோகப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எனாமலில், காரீயம் நிறைய இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள், தீ ஜுவாலை காட்டி உரிக்காதீர்கள். பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள், அல்லது தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, பிறகு மரத்தை நன்றாகக் காயவிடுங்கள். கீழே பிளாஸ்டிக் விரித்து, சில்லுகளை மூட்டையாகக் கட்டுங்கள். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடியும்வரை சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

இன்னும் சில

சிறு சிறு வட்டமாக பெயிண்ட் விலகி, அடி தெரிந்தால் எண்ணெயோ சிலிகான் பாலிஷோ பட்டிருக்கிறது. சமையலறைக் கதவிலும், தலை சாய்க்கும் கட்டில் பலகையிலும் வரும். ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுத்து, இரண்டு துணி முறையில் சுத்தம் செய்யுங்கள்: ஒன்றால் தின்னர் தடவி, காய்வதற்குள் இன்னொன்றால் துடைக்க வேண்டும். ஒரே துணி என்றால் எண்ணெயைப் பரப்பத்தான் செய்யும்.

மழைநாளில் என்.சி. அல்லது பிரெஞ்சு பாலிஷ் வெள்ளை பூத்தால் பயப்பட வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிந்திருக்கிறது. நல்ல வெயில் நாளாகப் பார்த்து, என்.சி. என்றால் ரிட்டார்டர் (ஆவியாவதை மெதுவாக்கும் திரவம்) கலந்த தின்னரை மெல்லத் தூவுங்கள். பிரெஞ்சு பாலிஷ் என்றால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஓட்டுங்கள். போய்விடும்.

அலமாரி உட்புறம் வெள்ளை எனாமல் மஞ்சளாவது வெளிச்சம் படாததால். எண்ணெய் எனாமலின் குணம் அது. அந்த இடத்துக்குத் தண்ணீர் சார்ந்த எனாமல் வாங்குங்கள். பைன் பலகையில் கணுவின் மேல் மட்டும் பழுப்புக் கறை வந்தால் பிசின் கசிகிறது. எத்தனை கோட் பெயிண்ட் அடித்தும் நிற்காது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை அந்தக் கணுவில் இரண்டு தடவை பூசி, பிறகு பிரைமர் கொடுங்கள்.

எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் பட்ட துணிக் குவியல் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு, காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள்.

முழுக் கதவுக்கும் அடிக்கும் முன்

காரணம் இதுதான் என்று முடிவு செய்து, சுத்தம் செய்து, பிரைமரும் வாங்கியாயிற்று. சரி, உடனே முழுவதும் அடித்துவிடாதீர்கள். உள்ளங்கை அளவு இடத்தில் பிரைமரும் எனாமலும் அடித்து ஒரு வாரம் விடுங்கள். பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக ஆறாறு கோடு, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் அடி தொடும்வரை கீறுங்கள். நல்ல பிசினுள்ள டேப்பை மேலே அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் பிடுங்குங்கள். டேப்பில் கட்டங்கள் ஒட்டி வந்தால் அவற்றின் பின்பக்கத்தைப் பார்த்து, முதலிலிருந்து தொடங்குங்கள். டேப் சுத்தமாக வந்தால் கீறிய இடத்தைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு, மீதிக் கதவுக்கு டப்பாவைத் திறக்கலாம்.